மார்கரெட் டேஹாஃப்: புரத வரிசைகளைத் தொகுத்தவர்

மார்கரெட் ஓக்லி டேஹாஃப் (மார்ச் 11, 1925 – பிப்ரவரி 5, 1983) அமெரிக்க வேதியியலாளர், உயிர்த்தகவலியல் துறையின் முன்னோடி. புரதங்களின் அமினோ அமில வரிசைகளை முதன்முதலாக ஒரே இடத்தில் திரட்டி நூலாக வெளியிட்டவர். அந்த வரிசைகளை ஒப்பிட்டுப் புரதங்களுக்கிடையே மறைந்திருந்த உறவுகளைக் கணிப்பொறி கொண்டு தேடியவர். அமினோ அமிலங்களுக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் ஓரெழுத்துக் குறியீடும், வரிசை ஒப்பீட்டில் பயன்படும் ‘பாம்’ அட்டவணைகளும் அவர் வழி வந்தவை. ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில், பிறர் கண்டுபிடித்ததைத் தொகுப்பது அறிவியலாகுமா என்ற கேள்வி அவரைத் தொடர்ந்து துரத்தியது.

பிறப்பு, கல்வி

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்தார். தந்தை கென்னத் ஓக்லி சிறுதொழில் நடத்தியவர். தாய் ரூத் கிளார்க் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை. பத்து வயதில் குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பை 1942-ல் முதல் மாணவியாக முடித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாஷிங்டன் ஸ்கொயர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்து 1945-ல் கணிதத்தில் பட்டம் பெற்றார்.

பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிம்பல் என்ற வேதியியலாளரிடம் குவாண்டம் வேதியியலில் ஆய்வு செய்தார். கரிம மூலக்கூறுகளின் ஒத்ததிர்வு ஆற்றலைக் கணக்கிடுவது ஆய்வுப் பொருள். கையால் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும் கணக்கு அது. அன்று வணிக நிறுவனங்கள் சம்பளப் பட்டியலுக்கும் சரக்குக் கணக்குக்கும் பயன்படுத்திவந்த துளை அட்டை இயந்திரங்களை டேஹாஃப் இந்தக் கணக்குக்குப் பழக்கினார். வேதியியல் மாணவர்கள் சோதனைக் குழாய்களோடு இருந்த காலத்தில் அவர் அட்டைக் கட்டுகளோடு இருந்தார் என்று சொல்லலாம். 1948-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு இயற்பியலாளர் எட்வர்ட் டேஹாஃபை மணந்தார். ரூத், ஜூடித் என இரண்டு மகள்கள்.

1948 முதல் 1951 வரை ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தார். குழந்தைகள் பிறந்தபின் சில ஆண்டுகள் ஆய்வுப் பணியிலிருந்து விலகி இருந்தார். 1950-களின் இறுதியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் எல்லிஸ் லிப்பின்காட்டுடன் வேதிப் பிணைப்பு குறித்த ஆய்வில் மீண்டும் நுழைந்தார். 1960-ல் ராபர்ட் லெட்லி தொடங்கிய தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் துணை இயக்குநராகச் சேர்ந்தார். லெட்லி பல் மருத்துவமும் இயற்பியலும் படித்தவர். மருத்துவத்துக்குள் கணிப்பொறியைக் கொண்டுவரவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். டேஹாஃபின் எஞ்சிய வாழ்நாள் பணி முழுவதும் இந்த அறக்கட்டளையில்தான் நடந்தது.

துண்டுகளைச் சேர்த்தல்

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலி. எந்த அமிலத்துக்குப் பின் எது என்ற வரிசைதான் ஒரு புரதம் இன்சுலினா ஹீமோகுளோபினா என்பதை முடிவு செய்கிறது. ஃபிரெடெரிக் சாங்கர் 1950-களில் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை முழுமையாகக் கண்டுபிடித்து, புரதங்களுக்குத் திட்டவட்டமான வரிசை உண்டு என்று நிறுவினார். 1960-ல் ரைபோநியூக்ளியேஸ் என்ற 124 அமினோ அமிலப் புரதத்தின் வரிசை வெளிவந்தது.

நீண்ட சங்கிலியை நேரடியாகப் படிக்க அப்போது வழியில்லை. நொதிகளைக் கொண்டு அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே படிப்பார்கள். வேறொரு நொதி வேறு இடங்களில் வெட்டும். இரண்டு வகைத் துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூல வரிசை புலப்படும். “மழை நின்றதும்”, “ஆற்றில் வெள்ளம்”, “வடிந்தது” என்று ஒரு கத்தி வெட்டுகிறது. “மழை”, “நின்றதும் ஆற்றில்”, “வெள்ளம் வடிந்தது” என்று இன்னொரு கத்தி வெட்டுகிறது. துண்டுகள் கலைந்து கிடந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் சொற்களைக் கொண்டு வாக்கியத்தை மீட்டுவிடலாம். மூன்று துண்டுகள் என்றால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். பல பத்துத் துண்டுகள், அவற்றில் சில தெளிவில்லாதவை என்றால் மனித மூளை களைத்துவிடும்.

1962-ல் டேஹாஃபும் லெட்லியும் இந்த வேலையைச் செய்யும் ‘காம்ப்ரோட்டீன்’ என்ற நிரலை ஐ.பி.எம். 7090 கணிப்பொறிக்காக ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி வெளியிட்டனர். துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, பொருந்தக்கூடிய முழு வரிசைகளை அது தானே கண்டுபிடித்துத் தரும். ரைபோநியூக்ளியேஸின் துண்டுகளைக் கொடுத்துச் சோதித்தபோது சில நிமிடங்களில் வரிசை கிடைத்தது. இன்று மரபணுத் தொகுதிகளைத் துண்டுதுண்டாகப் படித்துக் கணிப்பொறியில் ஒட்டும் முறைக்கு இதுவே முன்னோடி.

அட்லஸ்

1965-ல் டேஹாஃப், ரிச்சர்ட் எக், மேரி சாங், மின்னி சோசார்ட் ஆகியோர் ‘புரத வரிசை, அமைப்பு அட்லஸ்’ என்ற சிறு நூலை வெளியிட்டனர். அதுவரை அறியப்பட்டிருந்த 65 புரத வரிசைகள் அதில் இருந்தன. உலகின் எல்லா ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து கண்டறிந்த வரிசைகள் ஒரு கையில் அடங்கும் புத்தகமாக இருந்தன என்பதை இன்றைய மாணவர் நம்புவது கடினம்.

தொகுப்பு வேலை வெறும் படியெடுத்தல் அல்ல. வரிசைகள் பல்வேறு ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தன. ஒரே புரதத்துக்கு இரு குழுக்கள் வெவ்வேறு வரிசைகளைச் சொல்லும். அச்சுப் பிழைகள் இருக்கும். நெருங்கிய உறவுள்ள புரதங்களோடு ஒப்பிட்டு எந்தப் பாடம் சரியாக இருக்கும் என்று முடிவு செய்யவேண்டும். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பல பிரதிகளை வைத்துப் பாடபேதம் பார்த்தார்களே, ஏறக்குறைய அதே வேலை. பதிப்பாசிரியருக்குக் கிடைக்கும் மதிப்பு அன்றைய உயிர்வேதியியலில் தொகுப்பாளருக்குக் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்து வரிசையைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், அதைப் புத்தகத்தில் போட்டுப் பெயர் வாங்குபவர் இன்னொருவரா என்ற முணுமுணுப்பு இருந்தது. வெளியிடாத வரிசைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டபோது பலர் தயங்கினர். பெயரும் முன்னுரிமையும் ஆய்விதழ்க் கட்டுரையால்தான் கிடைக்கும், அட்லஸுக்கு அனுப்புவதால் கிடைக்காது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயமும் இருந்தது.

ஓரெழுத்துக் குறியீடு பிறந்தது இந்தச் சூழலில்தான். அதுவரை ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் மூன்று எழுத்துகளால் குறித்தார்கள். துளை அட்டையில் இடம் குறைவு, கணிப்பொறியின் நினைவகமும் குறைவு. எனவே ஒன்றுக்கு ஓரெழுத்து என்று சுருக்கவேண்டியிருந்தது. ஆங்கில முதலெழுத்து தனித்து நிற்கும் இடங்களில் சிக்கலில்லை: சிஸ்டீனுக்கு ‘சி’, வாலினுக்கு ‘வி’. ஒரே எழுத்தில் பல தொடங்கினால் புரதங்களில் அதிகம் காணப்படும் அமிலத்துக்கு அந்த எழுத்து: அலனைனுக்கு ‘ஏ’, லூசினுக்கு ‘எல்’. மற்றவற்றுக்கு ஒலியை வைத்து ஒரு வழி கண்டார்கள். ஃபினைல்அலனைனுக்கு ‘எஃப்’, ஆர்ஜினினுக்கு ‘ஆர்’. டிரிப்டோஃபானின் பெரிய இரட்டை வளையத்துக்கு இரட்டிப்பான ‘டபிள்யூ’. எழுத்து மிஞ்சாமல் போன லைசினுக்கு ‘எல்’-க்குப் பக்கத்து எழுத்தான ‘கே’. 1968-ல் சர்வதேசப் பெயரிடல் குழுவும் ஓரெழுத்து முறையைப் பரிந்துரைத்தது. உயிர்வேதியியல் மாணவர்கள் இன்று மனப்பாடம் செய்யும் இந்தப் பட்டியலின் விநோதங்களுக்குக் காரணம், அட்டையில் மிச்சப்படுத்தவேண்டியிருந்த இடம்.

வரிசைக்குள் வரலாறு

டேஹாஃப் வரிசைகளைத் திரட்டியது சேகரிப்பு ஆசையால் அல்ல. உயிரினங்களின் வரலாறு புரதங்களுக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் நம்பினார். எமில் சுக்கர்கேண்டலும் லைனஸ் பாலிங்கும் 1960-களின் தொடக்கத்தில் இதே எண்ணத்தை முன்வைத்திருந்தனர். எடுத்துக்காட்டு, சைட்டோகுரோம் சி. மனிதருக்கு இது 104 அமினோ அமிலங்கள் கொண்டது. சிம்பன்சியின் வரிசையும் மனிதரின் வரிசையும் ஒன்றே. ரீசஸ் குரங்கிடம் ஓரிடத்தில் மாற்றம், குதிரையிடம் 12 இடங்களில். உறவு விலக விலக வேறுபாடு கூடுகிறது. இரு சுவடிகளில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரே மூலப்படியிலிருந்து எழுதப்பட்டவை என்று ஊகிப்பதுபோல, பொதுவான மாற்றங்களைக் கொண்டு மூதாதைப் புரதத்தை ஊகிக்கலாம். 1966-ல் எக், டேஹாஃப் இருவரும் மிகக் குறைந்த மாற்றங்களால் விளக்கக்கூடிய கிளைமரத்தைக் கணிப்பொறியால் தேடும் முறையை வெளியிட்டனர். மூலக்கூறு வரிசைகளிலிருந்து கணிப்பொறி வரைந்த முதல் பரிணாம மரங்களுள் அது ஒன்று.

அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவர்களின் ஃபெரிடாக்ஸின் கட்டுரை, மறைந்திருக்கும் ஒழுங்கைத் தேடும் கலைக்கு நல்ல சான்று. ஃபெரிடாக்ஸின் என்பது இரும்பும் கந்தகமும் கொண்ட சிறு புரதம். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பாக்டீரியாவின் 55 அமினோ அமில ஃபெரிடாக்ஸினை. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் ஒழுங்கு எதுவும் தெரியாது. ஆனால் முதல் பாதியை இரண்டாம் பாதியின்மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. அப்படியென்றால் பாதி நீளமுள்ள பழைய புரதம் ஒன்றின் மரபணு எப்போதோ இரட்டித்திருக்கவேண்டும். அந்தப் பாதிக்குள்ளும் தேய்ந்துபோன ஒரு தாளம் தெரிந்தது: நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு தொடர் திரும்பத்திரும்ப வந்ததன் எச்சம். இருபது அமினோ அமிலங்களும் பயன்பாட்டுக்கு வராத காலத்தில், எளிய சில அமிலங்களை மட்டும் கொண்டு உருவான புரதத்தின் நினைவு அது என்று அவர்கள் வாதிட்டனர். துணிச்சலான ஊகம். மரபணு இரட்டிப்பு புதிய புரதங்கள் தோன்றும் முக்கிய வழி என்பது பின்னர் பல புரதங்களில் உறுதிப்பட்டது.

உயிரின் தொடக்கம் குறித்த ஆர்வம் அவரை வேறு திசைக்கும் கொண்டுசென்றது. லிப்பின்காட், எக், கார்ல் சேகன் ஆகியோருடன் சேர்ந்து வெள்ளி, வியாழன் போன்ற கோள்களின் வளிமண்டலத்தில் எந்தெந்த மூலக்கூறுகள் சமநிலையில் இருக்கும் என்று கணக்கிட்டார். சேகனின் முதல் மனைவி லின் மார்குலிஸ். செல்லின் மைட்டோகாண்டிரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்று 1967-ல் எழுதி ஏளனத்துக்கு ஆளானவர். 1978-ல் ராபர்ட் ஷ்வார்ட்ஸுடன் டேஹாஃப் வெளியிட்ட கட்டுரை, வரிசை ஒப்பீட்டின் வழியே மார்குலிஸின் கருத்துக்கு வலுச் சேர்த்தது.

பாம் அட்டவணை

இரு வரிசைகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க, ஒரே எழுத்து ஒரே இடத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதாதா? நெருங்கிய உறவுக்குப் போதும். தொலைதூர உறவுகளை அப்படிப் பிடிக்க முடியாது. லூசின் இருந்த இடத்தில் ஐசோலூசின் வந்தால் புரதம் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. இரண்டும் உருவிலும் குணத்திலும் நெருக்கமானவை. டிரிப்டோஃபானை மாற்றினால் புரதமே செயலிழக்கக்கூடும். எனவே எல்லா மாற்றங்களையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

எடையை எப்படி நிர்ணயிப்பது? வேதியியல் அறிவைக் கொண்டு ஊகிக்கலாம். டேஹாஃப் அப்படிச் செய்யவில்லை. இயற்கை எதை ஏற்றுக்கொண்டது என்று எண்ணிப் பார்த்தார். 15 விழுக்காட்டுக்கும் குறைவாக வேறுபடும் நெருங்கிய புரதங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அவற்றில் ஓரிடத்தில் மாற்றம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரே முறை நடந்த மாற்றமாக இருக்கும் என்பதே காரணம். 1978-ல் ஷ்வார்ட்ஸ், ஆர்கட் ஆகியோருடன் வெளியிட்ட இறுதி வடிவத்தில் 71 புரதக் குழுக்களிலிருந்து 1,572 மாற்றங்கள் எண்ணப்பட்டன. அதிலிருந்து, நூறு அமினோ அமிலங்களுக்கு ஒரு மாற்றம் நிகழும் கால அளவை ‘ஒரு பாம்’ என்று கொண்டு, எந்த அமிலம் எதுவாக மாறும் என்பதற்கான நிகழ்தகவு அட்டவணையை உருவாக்கினார். அதைத் தன்னாலேயே மீண்டும் மீண்டும் பெருக்கினால் நெடுங்காலத்துக்கான அட்டவணை கிடைக்கும். 250 பாம் தொலைவில் இரு வரிசைகளில் ஐந்தில் ஓரிடம்தான் ஒத்திருக்கும். அப்போதும் உறவைக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் காட்டினார்.

பாம்-250 அட்டவணையில் டிரிப்டோஃபான் மாறாமல் இருந்தால் 17 மதிப்பெண், சிஸ்டீனுக்கு 12, அலனைனுக்கு வெறும் 2. லூசினுக்குப் பதில் ஐசோலூசின் வந்தால் தண்டனை இல்லை, 2 மதிப்பெண் உண்டு. டிரிப்டோஃபான் சிஸ்டீனாகத் தெரிந்தால் 8 கழிக்கப்படும். 1980-களில் வந்த வரிசைத் தேடல் நிரல்கள் பல இந்த அட்டவணையைச் சார்ந்தே இயங்கின. 1992-ல் ஹெனிகாஃப் தம்பதியர் உருவாக்கிய ‘பிளாசம்’ அட்டவணை பெரும்பாலான இடங்களில் இதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் உண்மையான மாற்றங்களை எண்ணி மதிப்பெண் போடும் சிந்தனை டேஹாஃபுடையதுதான்.

இத்தகைய ஒப்பீடுகளின் பயன் 1982-ல் பளிச்சென்று தெரிந்தது. வினோனா பார்க்கரும் டேஹாஃபும், கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸின் ‘சார்க்’ மரபணு தரும் புரதம், பாலூட்டிகளின் செல்களில் இயல்பாக இருக்கும் புரத கைனேஸ் என்னும் நொதிக்கு உறவு என்று வரிசைகளைக் கொண்டு காட்டினர். புற்றுநோய் மரபணு என்பது எங்கிருந்தோ வந்த அந்நியன் அல்ல, செல்லின் கட்டுப்பாட்டுக் கருவிகளின் உறவினன் என்ற கருத்தை அது உறுதிப்படுத்தியது.

கைநழுவிய வங்கி

1970-களின் பிற்பகுதியில் டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் விரைவு முறைகள் வந்தன. வரிசைகள் வெள்ளமாகப் பெருகத் தொடங்கின. அட்லஸ் 1978-க்குப் பின் அச்சுநூல் என்ற வடிவத்துக்குள் அடங்கவில்லை. டேஹாஃபின் குழு டி.என்.ஏ. வரிசைகளையும் திரட்டியது. 1980-ல் தொலைபேசிக் கம்பி வழியாக யாரும் தங்கள் கணிப்பொறியிலிருந்து தேடக்கூடியதாகத் தரவுத்தளத்தைத் திறந்தது. அன்றைக்கு அது புதுமை.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் டி.என்.ஏ. வரிசைகளுக்கு ஒரு தேசியத் தரவு வங்கி அமைக்க முடிவு செய்தபோது, அந்தப் பொறுப்பு தனக்கே வரும் என்று டேஹாஃப் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் அவரிடம் இருந்தது. போட்டியில் இருந்தவர் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் வால்டர் கோட். அணுகுண்டு செய்த ஆய்வுக்கூடம் அது. 1982-ல் ஒப்பந்தம் லாஸ் அலமாஸுடன் இணைந்து விண்ணப்பித்த நிறுவனத்துக்குப் போனது. அதுவே ‘ஜென்பேங்க்’.

டேஹாஃபின் தோல்விக்குப் பெண் என்பதும், தொகுப்பாளர் என்ற ஏளனமும் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அறக்கட்டளை அட்லஸை விற்றது, தரவுக்கு உரிமை கோரியது, வாங்கியவர் பிறருக்குப் பகிர்வதைத் தடுத்தது. அரசு மானியம் செலவுக்குப் போதாததால் வேறு வழியில்லை என்பது அவர்கள் தரப்பு. ஆனால் தாங்கள் இலவசமாகத் தந்த வரிசைகளைத் தாங்களே விலை கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கசந்தனர். லாஸ் அலமாஸ் குழுவோ எல்லாத் தரவும் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று வாக்களித்தது. அதனிடம் அர்ப்பாநெட் இணைப்பும் இருந்தது. முதலில் வழி அமைத்தவர், அந்த வழியில் சுங்கச்சாவடி வைத்ததால் பின்தங்கினார் என்று சொல்வது கடுமையாக இருக்கலாம், ஆனால் பொய்யில்லை.

இறுதி நாட்கள், தொடர்ச்சி

டேஹாஃப் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் உடலியங்கியல், உயிரியற்பியல் பேராசிரியராக இருந்தார். உயிரியற்பியல் கழகத்தின் செயலராகவும் பின்னர் தலைவராகவும் பணியாற்றினார். இரு பதவிகளையும் வகித்த முதல் பெண் அவரே. ஜென்பேங்க் கைநழுவிய மறு ஆண்டு, 1983 பிப்ரவரி 5 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 57. இளம் பெண் ஆய்வாளர்களுக்காக அந்தக் கழகம் அவர் பெயரில் ஒரு விருதை நிறுவியது.

அவர் இறந்த அதே 1983-ல் ரஸ்ஸல் டூலிட்டில், ஒரு புற்றுநோய் மரபணுவின் புரதமும் ரத்தத் தட்டணுக்களில் உள்ள வளர்ச்சிக் காரணியும் ஒன்றுக்கொன்று உறவு என்று கண்டறிந்து புகழ்பெற்றார். அவர் தேடியது தான் திரட்டி வைத்திருந்த வரிசைத் தொகுப்பில். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘நியூஅட்’, புதிய அட்லஸ் என்பதன் சுருக்கம்.

அறக்கட்டளையின் புரதத் தொகுப்பு 1984-ல் ‘புரதத் தகவல் வளம்’ என்ற பெயரில் மறுவடிவம் பெற்றது. 1986-ல் அமோஸ் பைரோக் சுவிட்சர்லாந்தில் ‘சுவிஸ்-புராட்’ தரவுத்தளத்தைத் தொடங்கியபோது அந்தத் தொகுப்பிலிருந்தே வரிசைகளை எடுத்துக்கொண்டார். 2002-ல் இரண்டும் இணைந்து ‘யூனிபுராட்’ ஆயின. 65 வரிசைகளில் தொடங்கிய அட்லஸின் வாரிசில் இன்று பல கோடி வரிசைகள் உள்ளன. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி அவற்றைத் தரவிறக்கிக்கொள்ளலாம்.